வெளியே கூழ், உள்ளே தூள்

கலவை போடுகிறவனுக்கு ஒரே எதிரி கட்டி. சிமெண்டும் மணலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் மண்வெட்டி ஒழுங்காகப் புரளாவிட்டால் உள்ளே கட்டி நின்றுவிடும். மேலே பார்த்தால் ஈரமாக, வழவழவென்று, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். விரலால் நசுக்கினால் உள்ளே காய்ந்த தூள். அது சுவருக்குள் போய்விட்டால் அந்த இடம் சுவரே இல்லை, ஓட்டைதான். கட்டுகிறபோது தெரியாது. குடிவந்தவன் ஆணி அடிக்கும்போது தெரியும்.

கலவைக்காரர் மீசை முளைத்த நாளிலிருந்து இந்த வேலையில் இருக்கிறார். குவியலைச் சுற்றி நடந்துகொண்டே "கட்டி, கட்டி" என்று கத்துவார். கத்திக் கத்தி அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. கட்டி வந்தாச்சா, கட்டிக்கு டீ சொல்லு, கட்டி இல்லாத நாள்ல கட்டி நிறைய என்று வேலையிடத்தில் பேச்சு ஓடும். அவருக்கு அதில் கோபம் இல்லை. மனிதர்களையும் அவர் அதே கணக்கில்தான் தரம் பிரித்தார். சட்டை மடிப்புக் கலையாமல் வந்து வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிக்கிற இஞ்சினியர், பெண் கேட்டு வந்தபோது வாய் நிறையப் பேசிவிட்டுப் பிறகு எந்த வேலையிலும் நிலைக்காத மருமகன், எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு. வெளியே கூழு, உள்ளே தூளு.

அவர் மனைவியும் அதே இடங்களில் சித்தாள். மூட்டை பிரித்துக் கொட்டுவதும் மணல் சலிப்பதும் அவள் வேலை. பெரிய சல்லடையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தால் மறுபக்கத்தைப் பூச்சுக்காரரின் மனைவி பிடிப்பாள். பூச்சுக்காரரின் மனைவிக்கு ரேடியோ என்று பேர், நிறுத்துகிற பொத்தான் இல்லை என்பதால். இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சல்லடையை ஆட்டினார்கள். நடுவில் எழும்புகிற தூசியை இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்தார்கள். புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டால் பேச முடியாது, பேசாவிட்டால் பொழுது போகாது. அதனால் கட்டவில்லை.

இரண்டு பேருக்கும் முதலில் இருமல் வந்தது. அப்புறம் மாடிப்படி ஏறுவது நின்றது. அப்புறம் சமதரையில் நடப்பதே மாடிப்படி மாதிரி ஆகிவிட்டது. காற்று உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாமல் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்ளும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோதும் கலவைக்காரரின் மனைவிக்கு வாய் குறையவில்லை. "பாதி சிமெண்டு என் நெஞ்சுலதான் செட் ஆயிருக்கு. நான் போனா புதைக்காதீங்க, என் மேல ரெண்டு மாடி எழுப்புங்க" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சிரிக்கலாமா கூடாதா என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் சின்ன மாத்திரை கொடுத்தார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு திறக்கும், கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அடுத்ததைப் போடும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு புதிதாக வந்த டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதினார். இது பெரிது, வெள்ளை, நீள்வட்டம். மருந்து வாங்குகிற ஜன்னலில், கம்பிக்குப் பின்னாலிருந்த பெண் அட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முழுசா சாப்பிடணும். புரியுதா, முழுசா." பின்னால் வரிசை நெருக்கியது. கலவைக்காரர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அட்டையின் முதுகில் எறும்பு எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதைப் படிக்க அவருக்குக் கண்ணும் இல்லை, அந்த மொழியும் இல்லை.

முழுசா என்ற சொல் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். மூட்டையை முழுசாகக் கொட்டணும், மூலையில் நிற்கிறதையும் உதறணும். தட்டில் போட்டதை முழுசாகச் சாப்பிடணும். மிச்சம் வைக்கக் கூடாது. அவ்வளவுதானே.

ரேடியோவுக்கும் அதே டாக்டரம்மா, அதே மாத்திரை. இரண்டு பேரும் சேர்ந்தே மாத்திரையைத் திட்டினார்கள். சின்ன மாத்திரை நாய் மாதிரி, கூப்பிட்டதும் ஓடிவரும். இது எருமை, எழுந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றாள் ரேடியோ. ஆனால் அந்த மாதத்தில் கலவைக்காரரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவது நின்றிருந்தது. ராத்திரி படுத்துத் தூங்கினாள். மூச்சுத் திணறினால் எல்லோருக்கும் கேட்கும். திணறாமல் இருந்ததை யார் கவனித்தார்கள்?

பிறகு அவளுக்கு வயிறு கெட்டது. கக்கூஸ் முற்றத்தின் கோடியில், நாலு குடித்தனத்துக்கும் பொது. அவ்வளவு தூரம் அவளால் போக முடியாது. அறைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்து, அதை அவர்தான் எடுத்துப் போய்க் கொட்டினார். கொட்டும்போது அதைப் பார்த்தார். வெள்ளையாக, உப்பிப்போய், வெந்த மீனின் கண் மாதிரி ஒன்று. குச்சியால் புரட்டினார். மாத்திரைதான். போனபடியே வந்திருந்தது. அடுத்த தடவையும் ஒன்று வந்தது.

அவளிடம் சொல்லவில்லை. பேசினைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

டீ நேரத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரில் அதைப் போட்டார். மேஸ்திரி, பூச்சுக்காரர், கம்பி வளைக்கிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாத்திரை கரையவில்லை. ஓரம் மங்கியது, பளபளத்தது, உடம்பு கொஞ்சம் பெருத்தது, சுற்றிலும் சளி மாதிரி ஒரு பூச்சு கட்டியது. டீ முடிந்தது. மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். கலவைக்காரர் விரலை விட்டு மாத்திரையை எடுத்தார். கூழ் வழுக்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, வாழ்நாள் முழுக்கச் செய்த அதே வேலையைச் செய்தன. நசுக்கின.

உள்ளே தூள். காய்ந்த தூள், பொட்டு ஈரம் இல்லை.

அவர் கையை நீட்டி எல்லோருக்கும் காட்டினார். அங்கே நின்றவர்களில் ஒருவனுக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கம்பெனிக்காரனுக்குக் கலவை போடத் தெரியல" என்றார் பூச்சுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும், எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோ என்றார். கேட்கப் போனால் ஒரு நாள் வேலை போகும். அதைவிட, கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. கட்டியைக் கண்டால் உடைக்கணும். இதையா போய் ஒரு ஆளிடம் கேட்பார்கள்?

"உன் வீட்டுலயும் தட்டித்தான் குடு" என்று பூச்சுக்காரரிடம் சொன்னார். "கட்டியா உள்ள போனா கட்டியாவே வெளிய வருது. நான் கண்ணால பார்த்தேன்."

வீட்டில் இஞ்சி தட்டுகிற குட்டி உரல் ஒன்று உண்டு. மறுநாள் காலையில் அதைக் கழுவித் துடைத்து மாத்திரையைப் போட்டு இடித்தார். அரைகுறையாக இல்லை. விரலில் தேய்த்துப் பார்த்து, நெறுநெறுப்பு இருந்ததென்று மறுபடி இடித்தார். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி ஆனதும் டம்ளரில் கொட்டி, உரலையும் தண்ணீர் விட்டு அலசி அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தார். முழுசா.

"யோவ், இது என்ன இப்படிக் கசக்குது. விஷம் கிஷம் வைக்கிறியா?" என்றாள்.

"வைக்கணும்னா கல்யாணம் ஆன வருஷமே வச்சிருப்பேன். குடி."

குடித்தாள். அவர் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள். இழுத்து மூச்சு விட்டுக் காட்டினாள், உள்ளேயும் வெளியேயும், கடையில் பலூன் சரிபார்க்கிறவன் மாதிரி. அன்றைக்கு அவளே சமைத்தாள். அறையைப் பெருக்கினாள். முற்றத்துக்கு நடந்துபோய் அடுத்த குடித்தனக்காரியோடு குழாயடியில் சண்டைகூடப் போட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது, கையெல்லாம் பரபரன்னு இருக்கு, நெஞ்சு தையல் மெஷின் மாதிரி ஓடுது, இன்னிக்கு எங்கேயாவது வேலை இருந்தா சொல்லு என்றாள். அவள் கை லேசாக நடுங்கியதை அவர் பார்த்தார். தெம்பு வந்தால் கை துடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் திரும்பியபோது அவள் பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்தே அப்படித்தானாம். அவர் உடனே அடுத்ததை இடித்தார். நெஞ்சு திறந்தது. மருந்து உள்ளே போகிறது, வேலை செய்கிறது, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அப்படியானால் கூடக் கொடுக்கணும். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வேலையிடத்துக்குப் போன் போட்டுக் கொடுக்க, அவள் மத்தியானமே கூப்பிட்டாள். அவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து ஒன்று இடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். போகிற வழியில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மகளுக்குப் போன் போட்டு, உங்கம்மா பழையபடி ஆயிட்டா என்றார். மகள் டவுனின் அந்தக் கோடியில் ஒரு தையல் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

ஞாயிறு வரவில்லை. வாந்தி முதலில் வந்தது. வயிறு இன்னும் சரியாகவில்லை என்று நினைத்தார்கள். வாந்தியில் மருந்து போயிருக்குமே என்று அவர் இன்னொன்றை இடித்தார். அன்று காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் அவரைக் கூப்பிட்டாள். "கட்டி" என்று, வேலையிடத்தில் கூப்பிடுகிற மாதிரி. திரும்பினார். அவள் கை கால் இழுத்துக்கொண்டு, கண் மேலே போய், தரையில் உதைத்துக்கொண்டிருந்தாள். டம்ளர் உருண்டு கதவருகே போய் நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கடைசியாக என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஒளிக்க அவரிடம் ஒன்றும் இல்லை; சொல்லப்போனால், எவ்வளவு நைசாக இடித்தார் என்பதைக் கையால் தேய்த்தே காட்டினார். எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"உடைச்சா குடுத்தீங்க?"

"கட்டியா இருந்துச்சும்மா. தண்ணியில போட்டுப் பார்த்தேன். வெளிய கூழு, உள்ள தூளு."

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் பின்னால் நினைத்தார். "அது கட்டி இல்லைங்க" என்றார் டாக்டரம்மா. "வேணும்னுதான் அப்படிச் செய்யறாங்க. தண்ணி பட்டா மேல ஊதிக் கூழாகும். அந்தக் கூழு உள்ள இருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும். கூழும் தேயும், தேயத் தேய அடுத்தது ஊறும். அரை நாள் அப்படியே ஓடும். நீங்க இடிச்சதுல அந்த அரை நாள் மருந்தும் ஒரே நேரத்துல ரத்தத்துல போயிடுச்சு. அதுக்கு மேல இன்னொண்ணு, இன்னொண்ணு."

"வயித்தால முழுசா வந்துச்சேம்மா."

"வயிறு போனப்ப நிக்க நேரமில்லாம வந்திருக்கும். சில நேரம் வெறும் கூடும் வரும், மருந்து உள்ள இறங்கின பிறகு."

அவர் தரையைப் பார்த்தார். அங்கே ஓடு சரியாகப் பதிக்காமல் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. "முழுசா சாப்பிடணும்னு சொன்னாங்க" என்றார்.

"ஆமா. முழுசான்னா, உடைக்காமன்னு."

"நான் மிச்சம் வைக்காமன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா, கை நடுங்கினதா, நெஞ்சு படபடத்ததா, வாந்தி இருந்ததா என்று கேட்டு, அதெல்லாம்தான் இதன் அறிகுறி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் அன்று மாலைவரை இருந்தாள். அவர் கையைப் பிடித்திருந்தபோது இன்னொரு முறை இழுத்தது. அத்தோடு அடங்கியது. கண்ணை நர்ஸ் மூடினாள்.

ராத்திரியே ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்கு எடுத்துப்போய் எல்லாம் முடிந்து, மறுநாள் காலை வீட்டில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். முற்றத்தில் வாடகை நாற்காலி. மகள் அழுது முகம் வீங்கி உள்ளே இருந்தாள். மருமகன் நாற்காலிகளை இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டிருந்தான், அது ஒரு வேலையாக. மேஸ்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டார். கலவைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான் இடிச்சுக் குடுத்தேன்."

"தெரியும்யா. பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி இடிச்சுக் குடுத்தே. வேலையைப் பாதியில போட்டுட்டு ஓடி ஓடிப் போனியே, நான் பார்க்கலையா? எவன் செய்வான்?"

"அதனாலதான் செத்தா."

"சும்மா இரு. ஆயுசு அவ்வளவுதான். உன் மேல எதுக்குப் பழி போட்டுக்கிறே."

அவர் அடுத்து வந்தவனிடமும் சொன்னார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொண்டாட்டியைத் தாங்கினால் இப்படித் தாங்கணும் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். சித்தாள் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உரல்ல இடிச்சு, தண்ணியில கலக்கி, கையால ஊட்டினாராம். என் வீட்டுல இருக்கிறது தண்ணிகூட மோந்து தராது என்றாள் ஒருத்தி. அவர் எத்தனை தடவை சொன்னாரோ அத்தனை தடவையும் அது பாராட்டாகத் திரும்பி வந்தது. கடைசியில் மகள் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். "வாயை மூடுங்கப்பா. அம்மா போயாச்சு. இதைச் சொல்லி இப்ப யாருக்கு என்ன ஆகப் போகுது?" என்றாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றது. பூச்சுக்காரர். தனியாக வந்திருந்தார். ரேடியோ வரணும் என்றுதான் இருந்தாளாம், காலையில் வாந்தி, அதனால் படுக்க வைத்துவிட்டு வந்தாராம். பிறகு இந்த நேரத்தில் சொல்லலாமா என்று யோசித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன. ரெண்டு நாளா நம்ம ரேடியோ நல்லாத்தான் பாடுது. நீ சொன்னபடிதான் தட்டிக் குடுக்கறேன். உன் கை வைத்தியம் அவளுக்குப் பிடிச்சுடுச்சு."

கலவைக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. துக்க வீட்டுக்காரன் அப்படி எழுந்து போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். மகள் கூப்பிட்டாள். அவர் செருப்பைத் தேடவில்லை.

பூச்சுக்காரரின் வீடு இரண்டு தெரு தள்ளி. ஊரிலுள்ள சுவரையெல்லாம் கண்ணாடியாகப் பூசுகிறவரின் வீட்டுச் சுவர் ஈரத்தில் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ரேடியோ படுத்திருக்கவில்லை. உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து, அண்ணே, அண்ணி முகத்தைக்கூட நான் பார்க்கலையே என்று அழுதாள். அழுகையிலும் மூச்சு தடங்கலில்லாமல் வந்தது. அவர் அவள் கையைத்தான் பார்த்தார். மடித்த துணி அந்தக் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எத்தனை குடுத்தே?" என்று பின்னால் ஓடிவந்த பூச்சுக்காரரிடம் கேட்டார்.

காலையில் ஒன்று என்றார் அவர். மூலையில் சுத்தியலும் ஒரு ஓட்டுத் துண்டும் இருந்தன, வெள்ளைத் தூளோடு. கலவைக்காரர் இரண்டையும் எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றார். நடந்ததைச் சொன்னார். கை நடுக்கம், வாந்தி, தையல் மெஷின் நெஞ்சு எல்லாம் சொன்னார். அவருக்குக் கோர்வையாக வரவில்லை. டாக்டரம்மா சொன்னபோது புரிந்த மாதிரி இருந்தது, அவர் வாயில் வந்தால் உளறலாகிவிட்டது.

பூச்சுக்காரருக்குக் கோபம் வந்தது. "நீதானே தட்டிக் குடுக்கச் சொன்னே? கட்டின்னா வேஸ்ட்டுன்னு கையில நசுக்கிக் காட்டினது யாரு? இப்பத் தட்டக் கூடாதுங்கறே. துக்கத்துல மூளை கலங்கிடுச்சா?"

ரேடியோ இன்னும் நேராகச் சொன்னாள். "அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான்ணே செத்தாங்க. வீட்டுல இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க."

இதற்கு மேல் பேச்சில் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணாடி கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கினார். தண்ணீர் பிடித்தார். அவர்கள் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிப் போட்டு, ஜன்னல் மாடத்தில் வைத்து, அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். "இதைப் பாருங்க. இது தீர்றவரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல. அதுவரைக்கும் இவளுக்கு ஒரு பொடியும் போகாது" என்றார்.

பூச்சுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் நின்றார். மனைவியைப் பறிகொடுத்த ஆளை வீட்டைவிட்டுத் துரத்தவும் முடியாது. மாத்திரை அன்றைக்குப் போலவே மங்கியது, பெருத்தது, கூழ் கட்டியது. கலவைக்காரரின் விரல்கள் அரித்தன. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வயிறு சும்மா இருக்காது என்று நினைவு வரும்போது கிளாஸை எடுத்து மெதுவாகச் சுழற்றிவிட்டு வைத்தார். மகள் தேடிக்கொண்டு வந்தாள், அப்பாவையும் கிளாஸையும் பார்த்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. முதலில் பேச்சு நின்றது. அந்த வீட்டில் அது ஒன்றே போதும். பிறகு தோள் ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. அண்ணே, ஒண்ணே ஒண்ணு தட்டிக் குடுங்கண்ணே என்றாள். பூச்சுக்காரர் வாசலில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். கலவைக்காரர் எழுந்து குறுக்கே நின்றார்.

"தள்ளு. இது என் பொண்டாட்டி."

"என் பொண்டாட்டியும் இப்படித்தான் கேட்டா. நான் குடுத்தேன்."

சுத்தியல் இறங்கவும் இல்லை, கீழே விழவும் இல்லை. பூச்சுக்காரர் அவரைத் தாண்டிப் பார்த்ததில் கண் மாடத்தில் போய் நின்றது. போய்க் கிளாஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உப்பி நின்றது இப்போது இளைத்திருந்தது. தண்ணீர் மங்கலாக இருந்தது. கூழின் ஓரத்திலிருந்து புகை மாதிரி ஏதோ மெல்லப் பிரிந்து பிரிந்து இறங்கியது. அவர் விரலை விட்டு அதைத் தொட்டார். நசுக்கினார். உள்ளே தூள் இல்லை, ஈரம் நடுவரைக்கும் போயிருந்தது.

யாரும் உடைக்கவில்லை. தானாக ஊறியிருந்தது.

பூச்சுக்காரர் வெகுநேரம் அந்தப் பிசினை விரல்களுக்கிடையே தேய்த்துக்கொண்டிருந்தார். பூசிய சுவரை அன்றைக்கே காய விட்டால் வெடித்துவிடும். நாள்கணக்கில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, அது தானாக இறுகும்வரை காத்திருக்கணும். அவர் தொழில் அது. கலவைக்காரனுக்குக் கலந்து கொட்டியதோடு வேலை முடிந்தது. காத்திருப்பது அவன் வேலையில் இல்லை.

"நனைச்சு விடற மாதிரி" என்றார், யாரிடமும் இல்லாமல். சுத்தியலை மாடத்தில் வைத்துவிட்டு மனைவியிடம் போய், எழுந்திரு, இருட்டறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் என்றார். செருப்பைத் தேடி அவள் காலில் மாட்டினார்.

அவளால் நடக்க முடியவில்லை. ஒரு பக்கம் பூச்சுக்காரர் பிடித்தார், மறுபக்கம் கலவைக்காரரின் மகள். மகளோடு வந்திருந்த மருமகனை ஆட்டோ பிடிக்க அனுப்பியிருந்தார்கள். அதிசயமாக அவன் ஆட்டோவோடு வந்தான். வாசற்படியில் ரேடியோ நின்றாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, கிளாஸைப் பார்த்து, அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"இதை அன்னிக்கே உக்காந்து பார்த்திருக்கக் கூடாதாண்ணே?"

"டீ குடிக்கிற நேரம்தான் குடுத்தாங்க" என்றார் அவர்.